இத்தா வீட்டு விறாந்தைக்கு வலை அடித்த கதை

ஆட்களை இருத்தி வைத்துக் கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவம் சொல்ல வரும்படி உங்கள் முதலாளி இரண்டு முறை கேட்டும் நான் நழுவிவிட்டேன். மூன்றாம் முறை கேட்டபோது எழுதித் தருகிறேன் என்றேன். ஏணியில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்க என் தோள்மூட்டு இனி விடாது என்று ஆன பிறகுதான் இந்தத் தொழிலை விட்டேன். அதுவரை இருபது வருடத்துக்கு மேலாக வலை அடித்திருக்கிறேன். முதலில் யன்னல்கள், பிறகு விறாந்தைகள், கடைசிக் காலத்தில் விடுதிகளின் நீச்சல் குளங்கள்.

பிரேம் வெட்டுவது, வலையை இழுத்து ரப்பர் பட்டியை அழுத்துவது பற்றியெல்லாம் எழுதவில்லை. அது ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். எந்த இடத்துக்கு எந்த வலை என்று முடிவெடுப்பது அவ்வளவு இலகுவாக வராது. அதில் நான் விட்ட ஒரு பிழையையும், அதிலிருந்து எப்படி எழும்பினேன் என்பதையும் சொல்கிறேன். பிழைக்கு முன்னால் ஒரு வெற்றி இருந்தது. அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒலுவில் பக்கம் கடலை ஒட்டிய ஒரு விடுதியில் நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். அதைச் சுற்றி முன்பு வேறு யாரோ அலுமினிய வலை அடித்திருந்தார்கள். உப்புக் காற்றில் அது வெள்ளை பூத்து, விரல் வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. விடுதிக்காரர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: குடும்பமாக வருகிற பெண்கள் குளிக்கும்போது வீதியால் போகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. நான் வெயில் வலை அடித்தேன். நூல் தடித்த, நெருக்கமாக நெய்த கறுப்பு வலை அது. பகலில் வீதியில் நின்று பார்த்தால் கறுப்புச் சுவர் மாதிரி இருக்கும். உள்ளே இருந்து பார்த்தால் வீதி நன்றாகத் தெரியும். விடுதிக்காரருக்குப் பெரிய சந்தோசம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என் பெயரைச் சொன்னார். எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

அந்தக் குளத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிந்தவூரிலிருந்து ஜவாத் காக்கா என்னைத் தேடி வந்தார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன் முறை. கல்முனை பசாரில் புடைவைக் கடை வைத்திருப்பவர். சத்தமாகக் கதைக்கிற மனிசன்.

"தம்பி, ஒலுவில்ல அந்தக் குளத்துக்கு வலை அடிச்சது நீங்கதானே?"

"ஓம் காக்கா."

"அதே வலை எனக்கு வேணும். மச்சான் மவுத்தாகி இருவது நாள். ராத்தா இத்தா இரிக்கா. அவக்குத் தொய்வு வேற. அறைக்குள்ள கிடந்து அவிஞ்சு போறா. பின் விறாந்தைய மறைச்சுத் தந்தீங்க எண்டா அங்க வந்து இருப்பா. ஆர்ர கண்ணும் படக் கூடா. அவ்வளவுதான் வேலை."

உங்களில் வீரமுனையிலிருந்தும் கல்முனைக் கிறிஸ்தவ வீடுகளிலிருந்தும் வந்த பிள்ளைகளும் இருக்கிறீர்கள். அதனால் இத்தா என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கிற காலம் அது. வெள்ளை உடுத்திருப்பார். அந்நிய ஆண்கள் யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஊர்களில் இதை மிகக் கவனமாகப் பேணுவார்கள்.

அது கச்சான் காற்று வீசுகிற மாதம். மேற்கே வயல்வெளியெல்லாம் காய்ந்து, அங்கிருந்து வருகிற காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல் சுடும். அந்த மாதத்தில் தொய்வு எனும் மூச்சிரைப்பு நோய் உள்ள ஒருவரை ஓட்டு வீட்டின் மூலை அறையில் வைத்தால் என்ன பாடுபடுவார் என்று உங்களுக்குத் தெரியும். இருபது நாளில் இரண்டு முறை அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வந்ததாம். இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தது.

நான் போனபோது ராத்தா, அதாவது ஜவாத் காக்காவின் அக்கா, அறைக்குள் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. அவருடைய மகள் ரிஸ்னா யன்னல் திரைக்குப் பின்னால் நின்று விறாந்தையின் அளவுகளைச் சொன்னாள். நான் வெளியில் நின்று எழுதினேன். அந்த விறாந்தையில் யார் எங்கே இருப்பார், எந்த நேரத்தில் இருப்பார், காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெண்களோடு கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். அதோடு, விடை என் கையில் தயாராக இருந்தது. ஒலுவிலில் சரிவந்த வலை இங்கே ஏன் சரிவராது?

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பே மூன்று பக்கமும் வெயில் வலை அடித்து முடித்தேன். பத்து மணிக்கு வளவில் நின்று பார்த்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஜவாத் காக்கா மூன்று பக்கமும் நடந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

நாலாம் நாள் மதியம், லுஹர் தொழுகை நேரம், ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். எங்களில் அண்ணனை நானா என்றும் அழைப்பார்கள். "நானா, கொஞ்சம் வந்திட்டுப் போங்க. மாமா சரியான கோவத்தில இரிக்கார்" என்றாள்.

போனேன். ஜவாத் காக்கா வாசலிலேயே நின்றார்.

"வலைய அடிச்சீங்களா, சினிமாத் திரை கட்டினீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பக்கத்து வீட்டு மாடியைக் காட்டினார். அந்த வீட்டுக்காரி முந்தின நாள் பொழுதுபட்டு, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு மாடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கப் போயிருக்கிறா. அடுத்த நாள் காலையில் வேலிப் பக்கம் வந்து ராத்தாவிடம் சொல்லியிருக்கிறா: "ராத்தா, நேற்று ஓதிக்கிட்டு இருந்த நேரம் தேத்தண்ணிக் கோப்பையக் கையால தட்டி விட்டீங்களே, கையில சுட்டுப் போட்டா?"

கோப்பை விழுந்தது வரைக்கும் தெரிந்திருக்கிறது.

அந்த வலையின் குணம் அது. எந்தப் பக்கம் வெளிச்சம் கூடவோ, அந்தப் பக்கம் நிற்பவனுக்கு மற்றப் பக்கம் தெரியாது. பகலில் வெளியே வெளிச்சம். மஃரிபுக்குப் பிறகு விறாந்தையில் பல்பைப் போட்டால் உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. மறைக்க வேண்டிய வலை காட்டிக்கொடுக்கத் தொடங்கிவிடும். ஒலுவிலில் குளத்தை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதனால் அங்கே இந்தக் குறை வெளிவரவே இல்லை.

அதற்கு முந்தின இரண்டு இரவும் அப்படி இருந்தும் ஏன் ஒருவரும் காணவில்லை? அதை நான் பிறகு நிறைய யோசித்தேன். மரியாதை தெரிந்தவன் யாரும் இத்தா வீட்டு விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டான். விறாந்தைக்கு அப்பால் உள்ள கடற்கரை ஒழுங்கையால், அந்த ஒடுங்கிய தெருவால், போகிறவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறார்கள். நானும் வேலை முடிந்த பிறகு பின்னேரம் ஒருக்கால் வந்து பார்க்கவில்லை, அதுவும் அந்த மரியாதையால்தான். எல்லோருடைய நல்ல பழக்கமும் சேர்ந்து என் பிழையை மூன்று நாள் மூடி வைத்துவிட்டது.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றார் ஜவாத் காக்கா. அவரே பதிலும் சொன்னார். "வலைக்கு உள்பக்கத்தால படங்கு கட்டுங்க. நீலப் படங்கு கடையில கிடக்கு. ஒரு பொட்டு வெளிச்சம் வெளிய வரக் கூடா."

அப்போதுதான் சாத்தியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரலை முதல் முறையாகக் கேட்டேன். ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் மூச்சு இழுபட்டது.

"ஜவாத், படங்கு கட்டினா நான் அந்தப் பக்கம் வரமாட்டன். இப்பயே ஏலா. காத்து ஒரு சொட்டு வருகுதில்ல. நேற்றும் ரெண்டு தரம் தொய்வுப் பம்ப் அடிச்ச நான்."

"ராத்தா, வெளிய மூணு பக்கமும் திறந்துதானே கிடக்கு. வலைதானே அடிச்சிரிக்கி. காத்து எப்பிடி வராம விடும்?"

"நீ உள்ளுக்க இருந்து பாத்தியா?"

"நீங்க மனசில ஒண்ட வெச்சிக்கிட்டு..." என்று தொடங்கி ஜவாத் காக்கா நிறுத்திவிட்டார். கணவன் போன கவலையைத்தான் ராத்தா புழுக்கம் என்று சொல்கிறா என்பது அவருடைய எண்ணம். என்னைப் பார்த்து, "நீங்க கட்டுங்க தம்பி" என்றார்.

நான் இருவருக்கும் நடுவில் நின்றேன். ஆளைக் கூப்பிட்டு வேலை தந்தவர் படங்கு கேட்கிறார். அதற்குள் இருக்கப் போகிறவர் மூச்சு விடக் கஷ்டப்படுகிறார். வாய்க்காரனாக இருந்தால் நியாயம் கதைத்து வென்றிருப்பேன். எனக்கு அது வராது. அதனால் சொன்னபடியே வலைக்குப் பின்னால் மூன்று பக்கமும் படங்கை, அந்தத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பை, கட்டினேன். கட்டிவிட்டு, "காக்கா, போன முறை பின்னேரம் பார்க்காம விட்டதுதான் பிழை. இந்த முறை ஆள் ஒருவர் உள்ளுக்க இருந்தாத்தான் வெளிய நிண்டு சரி பார்க்கலாம்" என்றேன்.

"ராத்தாவ வெச்சா பாக்கப் போறீங்க?"

"இல்ல காக்கா. நீங்க இருங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். வேறு வழியும் இல்லை. ரிஸ்னா ராத்தாவின் கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளைத் துணிதான் வெளியிலிருந்து முதலில் கண்ணில் படும் என்பதால் ராத்தாவின் வெள்ளை முக்காட்டையும் கொண்டுவந்தாள்.

"நான் என்ன பொம்புளயா?"

"போட்டுக்கிட்டு இரிடா, வடிவா இரிக்கும்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

பின்னேரத் தொழுகையான அசருக்கு முந்தின நேரம் அது. ஜவாத் காக்கா முக்காட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு மாடிப்படியில் ஏறி நின்றேன். பிறகு ஒழுங்கைக்குப் போய்ச் சுவருக்கு மேலால் பார்த்தேன். பிறகு தென்னை வளவுப் பக்கம் போனேன். ஆறுதலாக நடந்தேன். ஒன்றும் தெரியவில்லை. படங்குக்குப் பின்னால் எப்படித் தெரியும்? அது எனக்கு முதலே தெரியும். அவரை அங்கே இருக்க வைப்பதற்காகத்தான் நான் அந்தச் சுற்றெல்லாம் சுற்றினேன். சின்னக் களவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

"முடிஞ்சா?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இன்னும் இல்ல காக்கா. மாடியால ஒருக்கா பாக்கணும்."

கொஞ்ச நேரம் போனது.

"என்னப்பா, கப்பலா பாக்கிறீங்க? முடிஞ்சா, இல்லயா?"

"பல்பு போட்டுப் பாக்கணும் காக்கா. மஃரிபு ஆகட்டும்."

மஃரிபு வரை அவர் இருக்கவில்லை. அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். படங்கு ஒரு மூலையில் படபடவென்று கழன்று விழுந்தது. ஜவாத் காக்கா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. மற்ற இரண்டு பக்கத்துப் படங்கையும் அவரே இழுத்து விழுத்தினார். திரும்பப் போய், வெறும் வலைக்குப் பின்னால் அந்தக் கதிரையில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். பிறகு கதவடிக்குப் போனார்.

"ராத்தா, இதுக்குள்ளயா நாலு நாளா..." என்றார்.

ராத்தா அவரை விட்டுவிட்டு என்னிடம் கதைத்தார். "தம்பி, வலைக்காரத் தம்பி, நிக்கிறீங்களா?"

"ஓம் ராத்தா."

"இவன் கண் படக் கூடா எண்டு உங்களுக்குச் சொன்னான். நீங்க கண்ணே இல்லாத வலைய அடிச்சிட்டீங்க."

அவர் கணவர் தோணியும் வலையும் வைத்துத் தொழில் செய்தவர். கடற்றொழில் வீடுகளில் வலையின் ஓட்டையைக் கண் என்றுதான் சொல்வார்கள். எந்த மீனுக்கு எத்தனை விரல் கண் என்பது அந்த வீட்டுப் பெண்களுக்கும் தெரியும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் தொழிலின் முதல் கணக்கை அறைக்குள் இருந்தபடி அவர் எனக்குச் சொல்லித் தருகிறார்.

"உங்கட்ட என்னென்ன வலை இரிக்கி? ஒவ்வொரு துண்டு தாங்க, பாப்பம்."

பையில் இருந்த துண்டுகளை ரிஸ்னாவிடம் கொடுத்தேன். வெயில் வலை, பொடி ஈக்குப் போடும் நெருங்கிய நுளம்பு வலை, சாதாரண பைபர் வலையில் கறுப்பும் சாம்பலும். உள்ளேயிருந்து மெதுவாக ஊதுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொன்றையும் வாயோடு வைத்து, அதற்குள்ளால் மூச்சு விட்டுப் பார்த்திருக்கிறார். தொய்வுக்காரருக்குத்தான் அந்த யோசனை வரும். வெயில் வலையும் நெருங்கிய வலையும் உடனே கதவுக்குக் கீழால் திரும்பி வந்தன. கடைசியில் சாம்பல் வலையும் வந்தது. அதற்குள்ளால் பார்க்கக் கண் கூசுகிறதாம். சாதாரண கறுப்பு பைபர் வலை மட்டும் உள்ளே நின்றது.

"இது மூச்சு விடும்" என்றார்.

"அது மூச்சு விடும் ராத்தா, ஆனா பகல்லயும் ஆள் தெரியும்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் கதைத்தது எனக்கே புதினமாக இருந்தது. ஒரு முறை வாய் திறந்த பிறகு மற்றக் கேள்விகளும் வந்தன. "பின்னேரக் காத்து எந்தப் பக்கத்தால வரும்?"

"கடலால. கச்சான் விட்ட பிறகு அசரோட வரும். தாழத்தான் வரும், காலில படும்."

"நீங்க கதிரைய எந்தப் பக்கம் போட்டு இருப்பீங்க?"

"எனக்கு என்னத்துக்குக் கதிரை? அது ஜவாத் கொண்டந்து வெச்சது. நான் பாயில இருக்கிற ஆள்."

அதைக் கேட்டதும் என் மனதில் அந்த விறாந்தை வேறு மாதிரி ஆகிவிட்டது. கடல் பக்கம், அதாவது கிழக்கில், ஒழுங்கைச் சுவர் இருக்கிறது. சற்றுமுன் அந்தச் சுவருக்கு மேலால் நான் பார்த்தபோது விறாந்தையின் மேல்பாதிதான் தெரிந்தது. பாயில் இருப்பவரைச் சுவரே மறைத்துவிடும். காற்று வருவதும் அந்தக் கீழ்ப்பாதியால்தான். மாடி இருக்கும் வடக்குப் பக்கத்தால் மட்டுமே மேலிருந்து கண் விழும். தெற்கே அவர்களுடைய தென்னை வளவு, உயர்ந்த கிடுகு வேலி, அந்தப் பக்கம் ஆளே இல்லை. மூன்று பக்கத்துக்கும் மூன்று வேலை. ஒரே வலையை மூன்றுக்கும் அடித்ததுதான் என் பிழை.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றினேன். வடக்கே வெயில் வலையையே மேலிருந்து கீழ்வரை திரும்ப அடித்தேன். தெற்கே முழுவதும் பைபர் வலை. கிழக்கே மேல்பாதிக்கு வெயில் வலை, கீழ்ப்பாதிக்குப் பைபர் வலை. கூரையோடு ஒரு சாண் அகலத்துக்கும் பைபர் வலையையே விட்டேன், ஓட்டுச் சூடு அதனால் வெளியே போகட்டும் என்று. விறாந்தைக்குள் இருந்த பல்பைக் கழற்றி, வெளியே வளவுத் தூணில், வலையைப் பார்த்தபடி கட்டினேன். இனி இரவிலும் வெளிப்பக்கம்தான் வெளிச்சம் கூட. ஓதுவதற்கு ராத்தா பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வைத்துக்கொள்ளலாம், பாயளவுக்கு மட்டும் எட்டும் வெளிச்சம். நுளம்பும் பல்பைத் தேடி வெளியிலேயே நின்றுவிடும்.

இதற்குப் பிறகு விறாந்தையோ குளமோ எங்கே போனாலும் முதலில் நான் கேட்டது, அதற்குள் இருக்கப் போகிறவர் எந்த நேரம் எங்கே இருப்பார் என்பதைத்தான். வலைத் துண்டை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். ஒலுவில் விடுதிக்காரர் பிறகு குளத்தை இரவிலும் திறக்கப் போகிறேன் என்றபோது, பல்புகளை எங்கே வைப்பீர்கள் என்று முதலில் கேட்டேன். நீங்களும் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், கூச்சத்தோடே கேளுங்கள்.

வலையை மாற்றி அடித்த அன்று மஃரிபுக்குப் பிறகு ஜவாத் காக்காவும் நானும் சரி பார்க்கப் போனோம். ராத்தா அறைக்குள் இருக்கிறா என்றும், பாயில் ஒரு தலகாணியை நிமிர்த்தி வைத்து வெள்ளை முக்காட்டைப் போர்த்தியிருக்கிறோம் என்றும் காக்கா சொன்னார். முதலில் மாடிப்படியில் நின்று பார்த்தோம். கறுப்புச் சுவர். பிறகு ஒழுங்கைக்கு வந்து சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தோம். கடல் காற்று எங்கள் முதுகில் பட்டு விறாந்தைப் பக்கம் போனது. தூணில் பல்பு எரிந்தது. வலைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் கண்ணைச் சுருக்கிக் கூர்ந்து பார்த்தேன். இந்த முறை விட்டுவிடக் கூடாது என்று எனக்குப் பயம்.

"தலகாணி தெரியுதா தம்பி?"

"இல்ல காக்கா."

"எனக்கும் தெரியல்ல." அவர் குரலைத் தணித்தார், ஆனால் அவருடைய தணிந்த குரலே ஒழுங்கை முழுக்கக் கேட்கும். "ஆனா தலகாணி சின்னன்தானே. ராத்தா தலகாணிய மாதிரி மூணு மடங்கு. அவ வந்து இருந்தா..."

"ஜவாத், ஆரடா மூணு மடங்கு?"

குரல் அறையிலிருந்து வரவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து, அந்தப் பாயிலிருந்து வந்தது. மூச்சு இழுபடாத குரல்.

"அசர் தொட்டு நான் இஞ்சதான் இரிக்கன். உங்கட தலகாணிய முதுகுக்கு வெச்சிரிக்கன். பாத்தது காணும், போய்த் தேத்தண்ணியக் குடிங்க ரெண்டு பேரும்."

நான் ஒன்றையும் காணவில்லை. ஆனாலும் முகமெல்லாம் சூடாகித் தலையைக் குனிந்துகொண்டேன். தேத்தண்ணிக்கும் நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏணியை மறுநாள்தான் போய் எடுத்து வந்தேன்.